ராஜ்தூத் 350 இரட்டைக் கார்புரேட்டர் கோளாறுகள்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

ராஜ்தூத் 350 வைத்திருப்பவர்கள் என்னிடம் கொண்டுவரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: “கார்புரேட்டர் டியூனிங் சரியில்லை.” அப்படி வந்த வண்டிகளில் பலவற்றைக் கார்புரேட்டரைத் திறக்காமலேயே சரிசெய்து அனுப்பியிருக்கிறேன். பாயின்ட் (தீப்பொறிக்கான மின்னோட்டத்தைத் திறந்து மூடும் முனை) தேய்ந்திருக்கும், இன்டேக் ரப்பர் வெடித்திருக்கும், அல்லது பிளக் செத்திருக்கும். அதற்குள் யாரோ இரு கார்புரேட்டரின் ஐடில் ஸ்க்ரூ, ஏர் ஸ்க்ரூ என்று நான்கு ஸ்க்ரூவையும் திருகித் தொலைத்திருப்பார்கள். பிறகு உண்மையான கோளாறு ஒன்று, திருகியதால் வந்த கோளாறு நான்கு என்று ஐந்தையும் சரிசெய்ய வேண்டியிருக்கும். அந்த நிலைக்கு நீங்கள் போகக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

யமஹா ஆர்.டி.350-ஐ எஸ்கார்ட்ஸ் நிறுவனம் ராஜ்தூத் 350 என்ற பெயரில் 1983 முதல் ஃபரீதாபாத்தில் தயாரித்தது. 347 சி.சி., டூ-ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி மிக்குனி கார்புரேட்டர், தனிப் பாயின்ட், தனிக் கன்டென்சர் (பாயின்ட் கருகாமல் காப்பது), தனிக் காயில் (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தருவது), தனிச் சைலன்சர். ஒரே கிராங்கில் கோத்த இரண்டு என்ஜின்கள் என்றே இதை நினைத்துக்கொள்ளுங்கள். நமக்கு இது பெரிய வசதி. ஒரு பக்கம் கெட்டால் நன்றாக இருக்கும் மறுபக்கமே அளவுகோல். சந்தேகப்படும் பொருளை இடமிருந்து வலத்துக்கு மாற்றுங்கள். கோளாறும் கூடவே இடம் மாறினால் குற்றவாளி அந்தப் பொருள்தான்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் நெருப்பு, பிறகு காற்று, கடைசியில் பெட்ரோல். தீப்பொறியும் அது விழும் நேரமான டைமிங்கும் சரி என்று தெரியும் வரை, காற்றுக் கசிவு இல்லை என்று தெரியும் வரை, ஜெட்டை (கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் பித்தளைத் துளை) கழற்றாதீர்கள்.

தேவையானவை: புதிய பி8எச்எஸ் பிளக் இரண்டு, சோதனைக்கு ஒரு பழைய பிளக், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ், ஒரே அளவுள்ள மெல்லிய டிரில் பிட் இரண்டு, சிறிய டார்ச், பூதக்கண்ணாடி, குறிப்பேடு. எந்த ஸ்க்ரூவைத் தொடுவதற்கு முன்பும் அது முழுதாக இறுக எத்தனை சுற்று ஆகிறது என்று எண்ணிக் குறித்துக்கொண்டு, பழைய இடத்துக்கே திருப்பி வையுங்கள். பிளக் வாங்கும்போது கடைசி எழுத்துகளைக் கவனியுங்கள். எச்.எஸ். என்றால் மரையின் நீளம் 12.7 மி.மீ.; இ.எஸ். என்றால் 19 மி.மீ. இந்த ஹெட்டில் இ.எஸ். பிளக்கை முடுக்கினால் அது உள்ளே நீட்டிக்கொண்டு பிஸ்டனில் இடிக்கும். கடைக்காரர் “இரண்டும் ஒன்றுதான்” என்றாலும் வாங்காதீர்கள்.

பட்டறைச் சொற்கள் இரண்டு: பெட்ரோல் மிகுந்த கலவை ரிச், காற்று மிகுந்த கலவை லீன். டூ-ஸ்ட்ரோக்கில் ரிச் என்பது செலவு. லீன் என்பது ஆபத்து.

## அறிகுறி 1: ஒரு சிலிண்டர் மட்டும் ஓடுகிறது

சைலன்சர் குழாய் சிலிண்டரோடு சேரும் இடத்தில், கிளப்பிய ஒரு நிமிடத்தில் இரு பக்கமும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சுரீரென்று ஆவியாகும் பக்கம் ஓடுகிறது. மற்றது ஓடவில்லை.

ஓடாத பக்கத்துப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்.

பிளக் நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, நெருப்பு இல்லை. மலிவான காரணத்திலிருந்து தொடங்குங்கள்.

இரண்டு பிளக்கையும் இடம் மாற்றிப் போடுங்கள். கோளாறும் மாறினால் பிளக்தான். புதியதைப் போடும்போது ஜோடியாகவே போடுங்கள்.

மாறவில்லை என்றால் பிளக் மூடியைக் கழற்றி, கம்பியின் நுனியை அரை சென்டிமீட்டர் வெட்டிவிட்டு மீண்டும் திருகுங்கள். கடலோர ஊர்களில் இந்த நுனி பச்சை பூத்துப் போவது மிகச் சாதாரணம்.

அடுத்து பாயின்ட். இடைவெளி 0.3 முதல் 0.4 மி.மீ. வரை இருக்க வேண்டும். மெல்லிய உப்புத்தாளால் துடைத்த பிறகு, சுத்தமான கெட்டிக் காகிதம் ஒன்றைப் பாயின்டுக்கு இடையில் வைத்து இழுத்தெடுங்கள். துகளோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் பாயின்ட் மீண்டும் கருகும். இடைவெளியை மாற்றினால் டைமிங்கும் மாறிவிடும். ஆகவே முதலில் இடைவெளி, பிறகு டைமிங். டைமிங்கைப் பிளக் துளையில் டயல் கேஜ் வைத்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். பிஸ்டன் மேல் உச்சியைத் தொடுவதற்கு ஏறத்தாழ 2 மி.மீ. முன்பு பாயின்ட் திறக்க வேண்டும்; உங்கள் மாதிரிக்கான துல்லியமான அளவைக் கையேட்டில் பார்த்து வையுங்கள். கண் மதிப்பில் வைத்த டைமிங்கோடு கார்புரேட்டர் டியூன் செய்வது வீண் வேலை.

பாயின்ட் திறக்கும்போது நீலநிறத்தில் பெரிதாகப் பொறி பறந்தால் கன்டென்சரை மாற்றுங்கள். விலை குறைவு.

கடைசியில் காயில். இங்கே ஒரு எச்சரிக்கை. இரண்டு சிலிண்டரும் 180 டிகிரி இடைவெளியில் சுடுகின்றன. காயிலைச் சோதிக்கப் பிளக் கம்பிகளை மட்டும் இடம் மாற்றினால் நெருப்பு முற்றிலும் தவறான நேரத்தில் விழும். பாயின்டிலிருந்து காயிலுக்கு வரும் கம்பிகளையும் சேர்த்து மாற்றுங்கள்.

பிளக் உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. டேங்க் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் காக்கிலிருந்து அந்தப் பக்கம் வரும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டுப் பாருங்கள். ஒழுக்கு நன்றாக இருந்தால் கார்புரேட்டரின் கிண்ணத்தை இறக்குங்கள். பெட்ரோல் இல்லையென்றால் கிண்ணத்துக்குள் பெட்ரோலை விட்டு நிறுத்தும் ஃபுளோட் ஊசி ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெட்ரோல் இருந்தால் மெதுவான ஓட்டத்துக்குப் பெட்ரோல் தரும் பைலட் ஜெட் அடைத்திருக்கிறது.

பைலட் ஜெட் அடைப்புக்கென்று தனி அடையாளம் உண்டு: மெதுவாக ஓடும்போது செத்துக் கிடக்கும் பக்கம், ஆக்ஸிலரேட்டரைப் பாதிக்கு மேல் திருகினால் உயிர் பெறும். மாதக்கணக்கில் நின்ற வண்டிகளில் நான் அதிகம் காண்பது இதைத்தான். கார்புரேட்டர் கிளீனரும் காற்றழுத்தமும் போதும். எஃகுக் கம்பியை விட்டுக் குத்தாதீர்கள். பித்தளைத் துளை துளியளவு பெரிதானாலும் அந்தப் பக்கம் என்றைக்கும் ரிச்சாகவே ஓடும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

மெக்கானிக்கிடம் போக வேண்டிய கட்டம்: நெருப்பும் பெட்ரோலும் சரி, ஆனாலும் ஒரு பக்கம் ஓடவில்லை என்றால் கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) பாருங்கள். இரு பக்கத்துக்கும் 10 பி.எஸ்.ஐ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஹெட்டைத் திறக்க வேண்டியிருக்கும்.

## அறிகுறி 2: ஐட்லிங் நிற்கவில்லை, சைலன்சர்கள் இரண்டு தாளத்தில் பேசுகின்றன

இரண்டு சிலிண்டரும் ஓடுகின்றன, ஆனால் ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டு போகிறது. உண்மையான கார்புரேட்டர் டியூனிங் தேவைப்படும் இடம் இதுதான். நிதானமாகச் செய்தால் ஒரு மணி நேரம் ஆகும்.

முதலில் கேபிள். கைப்பிடியிலிருந்து வரும் ஒற்றைக் கேபிள் நடுவில் பிரிந்து இரண்டு கார்புரேட்டருக்கும், என்ஜினுக்கு ஆயில் ஊட்டும் பம்புக்கும் போகிறது. ஹேண்டிலை இடமும் வலமும் முழுதாகத் திருப்புங்கள். என்ஜின் சத்தம் மாறினால் கேபிள் எங்கோ இழுபடுகிறது. கேபிளின் பாதையைச் சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள்.

ஏர் ஃபில்டர் பக்கத்து ரப்பர்களைக் கழற்றி, கார்புரேட்டரின் வாய் தெரியும்படி செய்யுங்கள். கார்புரேட்டர் தலையில் உள்ள கேபிள் அட்ஜஸ்டர்கள் இரண்டையும் தளர்த்தி, ஸ்லைடுகள் (கேபிள் இழுக்க மேலேறி வாயைத் திறக்கும் உருளைகள்) ஐடில் ஸ்க்ரூவின் மீது மட்டும் உட்காரும்படி விடுங்கள். டிரில் பிட்டின் வழவழப்பான தண்டை ஒவ்வொரு ஸ்லைடின் அடியிலும் செருகுங்கள். இரண்டு பிட்டும் ஒரே அளவு உரசலோடு வெளியே வர வேண்டும். அதுவரை ஐடில் ஸ்க்ரூக்களைத் திருகுங்கள். இப்போது இரு ஸ்லைடும் ஒரே உயரத்தில் நிற்கின்றன.

பிட்டுகளை எடுத்துவிட்டு, இரண்டு கார்புரேட்டரின் வாயிலும் ஒவ்வொரு விரலை வைத்து ஸ்லைடைத் தொடுங்கள். உதவிக்கு இருப்பவர் கைப்பிடியை மிக மெதுவாகத் திருகட்டும். இரண்டு ஸ்லைடும் ஒரே கணத்தில் எழ வேண்டும். ஒன்று முந்தினால் பிந்துகிறதன் அட்ஜஸ்டரை வெளியே எடுங்கள். விரல் நுனிக்குத் தெரியாத வேறுபாட்டை இந்த வேலையில் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, விரலையே நம்புங்கள். கடைசியில் முழு ஆக்ஸிலரேட்டரில் இரு ஸ்லைடும் வாயை முழுதாகத் திறக்கின்றனவா என்று பாருங்கள்.

அடுத்ததைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். கார்புரேட்டர் கேபிளைத் தொட்டால் ஆயில் பம்ப் கேபிளையும் சரிபார்த்தே ஆக வேண்டும். பம்ப் சக்கரத்தின் குறி கையேடு சொல்லும் நிலையில் நிற்க வேண்டும். தாமதமாகத் திறக்கும் பம்ப் இன்று ஒன்றும் செய்யாது. அடுத்த நீண்ட பயணத்தில் பிஸ்டனை இறுக்கிவிடும்.

இனி ஏர் ஸ்க்ரூ. இரண்டையும் மெதுவாக முழுதாக உள்ளே திருகி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். இந்தக் கார்புரேட்டரில் ஸ்க்ரூ உள்ளே போனால் ரிச், வெளியே வந்தால் லீன். வண்டியை ஐந்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கிய பிறகு, இடப்பக்க ஸ்க்ரூவைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருகி, என்ஜின் வேகம் உச்சத்தில் நிற்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். பிறகு வலப்பக்கம். வேகம் கூடியிருந்தால் இரு ஐடில் ஸ்க்ரூவையும் ஒரே அளவு தளர்த்தி 1,300 ஆர்.பி.எம். அருகே கொண்டுவாருங்கள். சைலன்சர்களின் பின்னால் இரு உள்ளங்கையையும் காட்டிப் பாருங்கள். காற்றின் அடி இரண்டிலும் ஒன்றுபோல் இருக்க வேண்டும்.

ஏர் ஸ்க்ரூ அரைச் சுற்றுக்கும் குறைவாகவோ இரண்டரைச் சுற்றுக்கு மேலோ போன பிறகுதான் என்ஜின் சீராகிறது என்றால், ஸ்க்ரூ வேறு ஏதோ கோளாற்றை மறைத்துக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் பைலட் ஜெட், இல்லையேல் காற்றுக் கசிவு.

ஸ்லைடை வெளியே எடுத்துத் திரும்பப் போடுகிறவர்களுக்கு ஒன்று: ஸ்லைடின் சரிவாக வெட்டிய பக்கம் ஏர் ஃபில்டரை நோக்கி இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் கிளப்பிய நொடியில் என்ஜின் கட்டுக்கடங்காமல் சீறும். சாவியை அணைக்க ஒரு கை தயாராக இருக்கட்டும்.

## அறிகுறி 3: ஆக்ஸிலரேட்டரை விட்ட பிறகும் என்ஜின் வேகம் இறங்க மறுக்கிறது

இந்த அறிகுறி தெரிந்தால் அன்றே வண்டியை நிறுத்திவிடுங்கள். ஐட்லிங் சில நேரம் 3,000 வரை ஏறி அங்கேயே தொங்கும். “வண்டி சூப்பராக ரெய்ஸ் ஆகிறது” என்று மகிழ்ந்து ஓட்டியவர்களின் பிஸ்டன்களைப் பார்த்திருக்கிறேன்.

எளிய காரணம் கேபிள் ஒட்டுவது. கைப்பிடியைக் கையாலேயே மூடிப் பாருங்கள். வேகம் இறங்கினால் காரணம் கேபிள் அல்லது ஸ்லைடில் உள்ள அழுக்கு.

இறங்கவில்லை என்றால் எங்கோ கூடுதல் காற்று நுழைகிறது. கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் உள்ள ரப்பரை வளைத்து, டார்ச் அடித்து, வெடிப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். கிளாம்ப் இறுக்கமா, ரீட் வால்வ் (கலவையை உள்ளே மட்டும் விடும் இதழ் வால்வ்) கேஸ்கட் நனைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். என்ஜின் ஐட்லிங்கில் ஓடும்போது, தெளிப்பான் பாட்டிலால் அந்த இடங்களில் தண்ணீரை லேசாகத் தெளியுங்கள். என்ஜின் சத்தம் மாறும் இடத்தில் கசிவு. பெட்ரோலைத் தெளித்துச் சோதிக்கும் பழக்கம் சில பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. சூடான என்ஜின் மீது அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

வெளியில் கசிவு எதுவும் தெரியவில்லை என்றால் சந்தேகம் கிராங்கின் இரு முனையையும் அடைக்கும் ஆயில் சீல்களின் மீது விழுகிறது. பாயின்ட் இருக்கும் இடப்பக்கத்துச் சீல் போனால் காற்று உள்ளே வரும். இடது பிளக் வெளுக்கும். கிளட்ச் இருக்கும் வலப்பக்கத்துச் சீல் போனால் கியர் பாக்ஸ் ஆயிலை என்ஜின் உறிஞ்சும். அது வேறு அறிகுறி, கீழே வருகிறது.

மெக்கானிக்கிடம் போக வேண்டிய கட்டம்: சீல் என்று சந்தேகம் வந்த உடனே. ஆனால் கேட்க வேண்டியதைத் தெரிந்துகொண்டு போங்கள். “அழுத்தச் சோதனை செய்யுங்கள்” என்று கேளுங்கள். இன்டேக்கையும் சைலன்சர் மாட்டும் வாயையும் அடைத்து, உள்ளே 6 பி.எஸ்.ஐ. காற்று ஏற்றினால் அது ஆறு நிமிடம் தாங்க வேண்டும். அழுத்தம் குறைந்தால் சோப்பு நீர் பூசி எங்கே குமிழி வருகிறது என்று பார்க்கலாம். இதைச் செய்யாமல் “கிராங்கைப் பிரித்துவிடலாம்” என்று சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

## அறிகுறி 4: திருகியதும் ஒரு திணறல், பிறகு பாய்ச்சல்

கால் ஆக்ஸிலரேட்டர் வரை பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும் ஸ்லைடின் வெட்டும்தான் பேசுகின்றன. ஏர் ஸ்க்ரூவை இரு பக்கமும் கால் சுற்று உள்ளே விடுங்கள். திணறல் குறைந்தால் லீனாக இருந்திருக்கிறது. கூடினால் ரிச், எதிர்ப்பக்கம் போங்கள். சோக்கை லேசாகத் திறந்தும் இதே கேள்வியைக் கேட்கலாம்.

கார்புரேட்டர் வாயிலிருந்து பெட்ரோல் தூவலாகத் திரும்பித் தெறிக்கிறதா? அப்படியானால் ரீட் வால்வின் இதழ் நுனி உடைந்திருக்கும் அல்லது சரியாக மூடவில்லை. கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். உடைந்த துண்டு எங்கே போயிற்று என்பதையும் தேட வேண்டும், ஏனென்றால் அது போகக்கூடிய வழி சிலிண்டருக்குள்தான்.

## அறிகுறி 5: நடு வேகத்தில் இடறல்

கால் முதல் முக்கால் ஆக்ஸிலரேட்டர் வரை ஸ்லைடில் தொங்கும் ஊசியின் ஆட்சி. சாலையில் நாம் ஓட்டும் வேகத்தில் பெரும்பகுதி இதற்குள் அடங்கும். ஊசித் தலையில் கிளிப் மாட்டும் பள்ளங்கள் இருக்கின்றன. கிளிப்பைக் கீழ்ப்பள்ளத்துக்கு இறக்கினால் ஊசி மேலே எழும், கலவை ரிச்சாகும். மேலே ஏற்றினால் லீன்.

இடறலின் ஒலியைக் கேளுங்கள். தொண்டை அடைத்ததுபோல் குழறி, வண்டி நான்கு ஸ்ட்ரோக் போலத் தட்டித் தட்டி ஓடினால் ரிச். ஒரே வேகத்தில் போகும்போது முன்னும் பின்னுமாகச் சுண்டி இழுத்தால் லீன்.

ஒரு முறை ஒரு பள்ளம் மட்டும், இரு பக்கமும் ஒரே அளவு. இடது ஊசி இரண்டாம் பள்ளத்திலும் வலது ஊசி நான்காம் பள்ளத்திலும் இருந்த வண்டிகள் என்னிடம் வந்திருக்கின்றன. இரண்டு கார்புரேட்டரிலும் ஊசியின் எண், ஜெட்டின் எண், ஸ்லைடின் எண் மூன்றையும் எழுதி ஒப்பிடுங்கள். நாற்பது ஆண்டுகளில் இந்த வண்டி எத்தனை கைகளைக் கடந்திருக்கும்! சந்தையில் போலி ஜெட்டுகளும் உலவுகின்றன. அச்சிட்ட எண்ணுக்கும் துளைக்கும் சம்பந்தமே இல்லாதவை அவை.

பெட்ரோல் மாறியதால் வரும் இடறல்: இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். அதே ஜெட்டில் இது கலவையை லீனாக்குகிறது. பழைய பெட்ரோலில் சரியாக ஓடிய வண்டி இப்போது லேசாகச் சுண்டுகிறது என்றால், ஊசியை ஒரு பள்ளம் உயர்த்துங்கள். முழு ஆக்ஸிலரேட்டருக்குப் பெட்ரோல் தரும் மெயின் ஜெட்டையும் ஒரு அளவு கூட்டிச் சோதியுங்கள். பழைய ரப்பர்க் குழாய்கள் எத்தனாலில் ஊறி நொய்ந்துவிடும். எத்தனால் தாங்கும் குழாய்க்கு மாற்றுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் வண்டி நிற்கப்போகிறது என்றால் கிண்ணங்களைக் காலி செய்துவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பைலட் ஜெட்டில் பச்சைப் பாசிபோலப் படிவது அதன் விளைவுதான்.

மலையில் மட்டும் வரும் இடறல்: மேட்டுப்பாளையத்தில் நன்றாக இருந்த வண்டி குன்னூர் தாண்டியதும் குழறுகிறது, உதகையில் ஐட்லிங் நிற்கவில்லை என்றால் அது கோளாறு அல்ல. உதகை 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது; உயரம் ஏற ஏறக் காற்று மெலிந்து, கலவை தானாக ரிச்சாகிறது. ஏர் ஸ்க்ரூவை அரைச் சுற்று வெளியே விட்டுச் சமாளியுங்கள். ஊசியையும் மெயின் ஜெட்டையும் அங்கே குறைக்காதீர்கள். இறங்கி வந்ததும் மறக்காமல் ஏர் ஸ்க்ரூவைப் பழைய இடத்தில் வையுங்கள்.

## அறிகுறி 6: முழு ஆக்ஸிலரேட்டரில் வலு இல்லை

இங்கே இரண்டு கிளை.

ஒரு கிலோமீட்டர் நன்றாகப் போய், பிறகு அடங்குகிறது: பெட்ரோல் போதவில்லை. டேங்க் மூடியின் காற்றுத் துளையில் தொடங்குங்கள். மூடியைத் தளர்த்தி ஓட்டினால் சரியாகிறதா? அதற்கடுத்து காக்கின் வடிகட்டி, குழாய் மடிப்பு, ஃபுளோட் உயரம். கண்டுபிடிக்கும் வரை முழு ஆக்ஸிலரேட்டரில் ஓட்டாதீர்கள். கிண்ணம் காலியாகும்போது என்ஜின் லீனாகிறது.

தொடக்கத்திலிருந்தே வலு இல்லை: சைலன்சரின் உள்குழாயில் கரி அடைப்பு, ஏர் ஃபில்டர் அழுக்கு, டைமிங் தாமதம் மூன்றையும் முடித்துவிட்டு மெயின் ஜெட்டுக்கு வாருங்கள். ஜெட் சரியா என்று பிளக்தான் சொல்லும். ஆனால் பிளக்கை முறைப்படிக் கேட்க வேண்டும்.

### பிளக் படிப்பது

வீட்டு வாசலில் நின்ற வண்டியின் பிளக்கைக் கழற்றிப் பார்த்து “பிரவுன் கலர், சரியாக இருக்கிறது” என்பதில் பொருளில்லை. தெருமுனையிலிருந்து ஊர்ந்து வந்த அந்த ஐந்து நிமிடத்தைத்தான் அது காட்டும்.

புதிய பிளக் இரண்டைப் போடுங்கள். ஆளரவமற்ற நேரான சாலை வேண்டும். பந்தயத் தளத்தில் நேரம் கிடைத்தால் அதைவிட நல்லது. மூன்றாம் கியரே போதும், உச்ச வேகம் தேவையில்லை. முழு ஆக்ஸிலரேட்டரில் சில நூறு மீட்டர் இழுத்து, அதே நிலையில் சாவியை அணைத்து, அதே நொடியில் கிளட்ச்சைப் பிடித்து ஓரமாக உருளவிடுங்கள். ஐட்லிங்கில் ஒரு கணம் ஓடினாலும் படித்த பாடம் அழிந்துவிடும். பிளக்குகளைக் கழற்றி இடது, வலது என்று குறித்து வையுங்கள்.

பூதக்கண்ணாடியும் டார்ச்சும் எடுத்துக்கொள்ளுங்கள். நுனியின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வெள்ளைப் பீங்கான் கீழே உடலோடு சேரும் ஆழத்தைப் பாருங்கள். அங்கே புகைநிறத்தில் மெல்லிய வளையம் இருந்தால் மெயின் ஜெட் சரி. வளையமே இல்லை என்றால் லீன். உடனே ஜெட்டைக் கூட்டுங்கள். வளையம் தடித்துக் கரியாக மேலே ஏறியிருந்தால் ரிச்; ஒரு அளவு குறைத்து மீண்டும் அதே ஓட்டம்.

அடுத்தது வளைந்த எர்த் கொம்பு. சூட்டினால் நிறம் மாறிய எல்லை வளைவின் நடுவில் இருக்க வேண்டும். மரையோடு ஒட்டும் அடி வரை இறங்கியிருந்தால் பிளக் மிதமிஞ்சிச் சூடாகிறது: டைமிங் முந்தியிருக்கலாம், அல்லது சூடான வகைப் பிளக் போட்டிருக்கலாம். நுனியிலேயே நின்றிருந்தால் பிளக் குளிர்ந்து கிடக்கிறது.

என்.ஜி.கே. எண்ணில் 7 சூடான வகை, 9 குளிர்ந்த வகை, நமக்குரிய 8 நடுவில். வேறு நிறுவனங்களில் எண் தலைகீழாக ஓடுவதும் உண்டு; பெட்டியில் உள்ள ஒப்பீட்டைப் பார்க்காமல் மாற்றாதீர்கள். ஊருக்குள் பிளக் கறுக்கிறதே என்று 7 போட்டுவிட்டு, அதோடே சென்னையிலிருந்து திருச்சிக்கு விரட்டுவது பிஸ்டனைப் பணயம் வைப்பதுதான்.

பீங்கானில் வெள்ளிப்பொடி தூவியதுபோல் நுண்ணிய மினுமினுப்பு தெரிந்தால் சோதனையை அங்கேயே நிறுத்துங்கள். அது அலுமினியம். பிஸ்டனின் தலை உருகத் தொடங்கியிருக்கிறது. ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகக்கூடாது. வேறொரு வண்டியில் ஏற்றிக்கொண்டு போங்கள்.

பழைய கையேடுகளில் காணும் ‘பிஸ்கட் நிறம்’ ஈயம் கலந்த பெட்ரோலின் நிறம். இந்தியாவில் 2000-இல் ஈயப் பெட்ரோல் நின்றுவிட்டது. இப்போதைய பெட்ரோலில் பீங்கான் வெளிறியே இருக்கும். அந்த நிறத்தைத் துரத்தி ஜெட்டைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். அடியில் உள்ள வளையத்தை நம்புங்கள்.

## அறிகுறி 7: ஒரு பிளக் மட்டும் ஓயாமல் கறுக்கிறது

கையால் தேய்த்துப் பாருங்கள். உலர்ந்த கரி பெட்ரோல் மிகை. அந்தப் பக்கத்துச் சோக் பிளஞ்சர் முழுதாக மூடுகிறதா, அதன் அடி ரப்பர் நைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு ஃபுளோட் உயரம், ஃபுளோட்டுக்குள் பெட்ரோல் புகுந்திருக்கிறதா என்பது. காதருகே குலுக்கினால் தெரியும்.

பிசுபிசுத்த எண்ணெய் என்றால் நெருப்பு பலவீனம் ஒரு காரணம். ஆயில் பம்பின் அந்தப் பக்கத்து வால்வ் கசிந்து, நிற்கும்போது ஆயில் இறங்குவது இன்னொன்று. வலது பக்கத்தில் மட்டும் எண்ணெய், கூடவே அடர்ந்த வெள்ளைப் புகை, கருகிய கியர் ஆயில் வாடை என்றால் கியர் பாக்ஸ் ஆயிலின் அளவைப் பாருங்கள். கசிவே இல்லாமல் அளவு குறைந்துகொண்டிருந்தால் வலப்பக்கச் சீல் போயிற்று. அது மெக்கானிக் வேலை.

கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் சொட்டுகிறது என்றாலும் இதே பாதைதான்: ஃபுளோட் ஊசியின் இருக்கையில் துரும்பு, ஊசி நுனித் தேய்மானம், ஃபுளோட் ஓட்டை. பெட்ரோல் காக் திறந்திருக்கும்படி இரவு நிறுத்தாதீர்கள். கிராங்குக்குள் இறங்கிய பெட்ரோல் காலையில் கிக்கரை அசைக்கவிடாது.

## அறிகுறி 8: ஓடிக்கொண்டிருக்கும்போது இறுகியது

என்னுடைய வண்டிக்கே இது நடந்தது, விக்கிரவாண்டி சுங்கச்சாவடிக்குச் சற்று முன்பு. நல்ல வெயில், நாலரை ஆயிரம் ஆர்.பி.எம்.மில் அரை மணி நேரமாகச் சீரான ஓட்டம். முதலில் சத்தம் மெலிந்தது, யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்ததுபோல் வேகம் குறைந்தது. உடனே கிளட்ச்சைப் பிடித்தேன். அந்த ஒரு நொடி தாமதித்திருந்தால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு விழுந்திருப்பேன். நீண்ட பயணத்தில் இரண்டு விரல் எப்போதும் கிளட்ச் மீது இருக்கட்டும்.

நிறுத்திய பிறகு கிக்கரை உதைக்காதீர்கள். அரை மணி நேரம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள். ஆறியதும் பிளக்குகளைக் கழற்றுங்கள். மினுமினுப்பு இருந்தால் அங்கேயே முடிந்தது; வண்டியை ஏற்றி அனுப்புங்கள். இல்லையென்றால் கிக்கரைக் கையால் அழுத்திப் பாருங்கள். உரசல் இல்லாமல் சுழன்றால் மெதுவாக அருகிலுள்ள ஊர் வரை போகலாம், அதற்கு மேல் வேண்டாம்.

என் வண்டியில் இடது பிளக் வெளுத்திருந்தது, வலது சரியாக இருந்தது. மெயின் ஜெட்டைக் கூட்டினால் போதும் என்றார் நான் போன பட்டறைக்காரர். ஜெட் காரணமென்றால் இரண்டு பக்கமும் வெளுத்திருக்க வேண்டாமா? அழுத்தச் சோதனை கேட்டு வாங்கினேன். இடப்பக்கச் சீல் குமிழிட்டது. அதற்கு முன்பே இரண்டு வாரமாக ஐட்லிங் ஏறி ஏறித் தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்க்ரூவைத் திருகி அதை அடக்கியவன் நான்தான்.

ஆகவே லேத் பட்டறைக்குச் சிலிண்டரை போர் போட (உட்சுவரைக் கடைந்து பெரிதாக்க) அனுப்பும் முன் காரணத்தைக் கையில் பிடியுங்கள். சீலா, ரப்பரா, ஆயில் பம்பா, டைமிங்கா என்று தெரியாமல் ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டால் அதுவும் இறுகும். இந்தச் சிலிண்டருக்குப் போர் போட மிஞ்சியிருக்கும் அளவு மிகக் கொஞ்சம். என்ஜினைக் கோத்து முடித்ததும், கார்புரேட்டரை மாட்டும் முன், அழுத்தச் சோதனையை உங்கள் கண் முன்னே இன்னொரு முறை செய்துகாட்டச் சொல்லுங்கள். முள் ஆறு நிமிடம் அசையாமல் நின்ற பிறகு பெட்ரோல் ஊற்றலாம்.